குறுக்குப் பெருக்கல்

1887-88இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் பெரியம்மை கடுமையாகப் பரவியது. எஃகுப் பட்டறைகளும் அவற்றை நம்பி வந்த கூலிக் குடும்பங்களும் நெருக்கியடித்துக் கிடந்த ஊர் அது. நோய் ஓய்ந்தபின் எடுத்த கணக்கில் 4,703 நோயாளிகளின் விவரம் தேறியது. அத்தனை பேரையும் நான்கே கட்டங்களில் அடைத்துவிடலாம்.

அம்மை குத்திக்கொண்டவர்கள்: பிழைத்தவர் 3,951, இறந்தவர் 200.
அம்மை குத்திக்கொள்ளாதவர்கள்: பிழைத்தவர் 278, இறந்தவர் 274.

குத்திக்கொண்டவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இறக்கவில்லை. குத்திக்கொள்ளாதவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்தார்கள். இதற்கு மேல் கணக்கு எதற்கு என்று தோன்றலாம். ஆனால் இதே நான்கு எண்களை வேறு மாதிரியும் படிக்க முடியும். இறந்தவர்கள் 474 பேர். அவர்களில் 200 பேர் அம்மை குத்திக்கொண்டவர்கள். "பத்துக்கு நாலு பேர் குத்திக்கொண்டும் செத்திருக்கிறார்களே, பிறகு எதற்கு இந்த வேலை?" என்று ஒருவர் மேடையில் கேட்டால் கூட்டம் தலையாட்டும். அவர் பொய் சொல்லவில்லை. கட்டங்களைக் கிடைவாட்டில் படிப்பதற்குப் பதில் நெடுவாட்டில் படித்தார், அவ்வளவுதான்.

எந்தப் பக்கமிருந்து படித்தாலும் மாறாத ஒரே எண்ணால் இந்தத் தொடர்பின் வலுவைச் சொல்ல முடியுமா? கேள்வி சின்னது. இதற்கு விடை தேடிய மனிதர்கள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

அளக்கக்கூடிய பொருள்களுக்கு அப்போதே வழி இருந்தது. தகப்பன் உயரத்துக்கும் மகன் உயரத்துக்கும் உள்ள உறவை ஒற்றை எண்ணில் சொல்லும் யோசனையை ஃபிரான்சிஸ் கால்ட்டன் 1888இல் முன்வைத்தார். லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியின் கார்ல் பியர்சன் அதைத் தீட்டி, இன்று நாம் பாடத்தில் படிக்கும் ஒட்டுறவுக் கெழுவாக்கினார். உயரம், எடை, மண்டையோட்டின் நீளம் என்று அங்குலத்திலும் பவுண்டிலும் வருகிற எதுவும் அந்தச் சூத்திரத்துக்குள் வந்துவிடும். உயிரோடு இருப்பதும் இறப்பதும் எத்தனை அங்குலம்? நீலக் கண்ணுக்கும் பழுப்புக் கண்ணுக்கும் நடுவே எத்தனை பவுண்டு? இங்கே கையில் இருப்பது அளவு அல்ல, தலை எண்ணிக்கை. அதற்கென்று ஒரு கணக்கு அன்று இல்லை.

அந்தக் கணக்கின் முதல் கருவியைச் செய்தவரும் பியர்சன்தான். காரணம் பகடை. அவருடைய நண்பர் வெல்டன் என்ற விலங்கியல் பேராசிரியர், பன்னிரண்டு பகடைகளை ஒன்றாக உருட்டி, அவற்றில் எத்தனையில் 5 அல்லது 6 விழுந்தது என்று குறித்துவைத்திருந்தார். ஒருமுறை, இருமுறை அல்ல, 26,306 முறை. பகடைக் கணக்கில் 3,15,672. பகடைகள் நேர்மையானவை என்றால் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 1,05,224 முறை 5 அல்லது 6 வந்திருக்க வேண்டும். வந்ததோ 1,06,602. கூடுதல் 1,378. மூன்று லட்சத்தில் இது ஒரு பொருட்டா, இல்லையா?

1900இல் பியர்சன் வெளியிட்ட கட்டுரை அதற்கு ஒரு செய்முறை தந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் எதிர்பார்த்த எண்ணிக்கைக்கும் வந்த எண்ணிக்கைக்கும் உள்ள வித்தியாசத்தை எடு, வர்க்கமாக்கு, எதிர்பார்த்த எண்ணால் வகு, எல்லாக் கட்டங்களையும் கூட்டு. கிடைக்கும் கூட்டுத்தொகைதான் நம் பாடநூல்கள் கை-வர்க்கம் என்று சொல்வது. தற்செயலாக அது எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு அவர் ஒரு வாய்பாடும் கொடுத்தார். வெல்டனின் பகடைகள் நேர்மையானவை என்பதற்கு எதிராக 62,499க்கு 1 என்று பந்தயம் கட்டலாம் என்பது அவர் கண்ட முடிவு. புள்ளிகளுக்காகக் குழி தோண்டிய பகடையில் 5, 6 உள்ள பக்கங்கள் இலேசாகி மேலே வந்துவிடுகின்றன என்று இதற்கு வழக்கமாக ஒரு விளக்கம் சொல்வார்கள்.

ஷெஃபீல்டு கணக்கை இதே உரலில் போட்டுப் பார்க்கலாம். அம்மை குத்தியதற்கும் சாவுக்கும் தொடர்பே இல்லையென்றால் 474 சாவுகளும் ஆள் கணக்குப்படி பிரிந்திருக்கும்: குத்திக்கொண்டவர்களில் 418, மற்றவர்களில் 56. நடந்ததோ 200, 274. கை-வர்க்கம் ஏறக்குறைய 1,080 வருகிறது. தற்செயலால் நாலைத் தாண்டுவதே அபூர்வம். ஆக, தொடர்பு இருக்கிறது. ஆனால் எவ்வளவு வலுவான தொடர்பு? கை-வர்க்கத்துக்கு அது தெரியாது. இதே விகிதத்தில் இரண்டு மடங்கு நோயாளிகள் இருந்திருந்தால் அந்த எண்ணும் 2,160 ஆகியிருக்கும்; அம்மை குத்துவதன் பலன் மட்டும் ஒரு துளியும் கூடியிருக்காது.

இங்கேதான் ஜார்ஜ் அட்னி யூல் வருகிறார். பொறியியல் படிக்க வந்து, பியர்சனிடம் உதவியாளராகச் சேர்ந்து, அவரிடமே புள்ளியியல் கற்றவர். அதே 1900இல் அவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் செய்தது ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் வருகிற வேலை. கட்டங்களைக் குறுக்காகப் பெருக்கினார். 3,951ஐ 274ஆல் பெருக்கினால் 10,82,574. எதிர்மூலைகளான 200, 278 இரண்டையும் பெருக்கினால் 55,600. முதலாவது இரண்டாவதைப்போல் பத்தொன்பதரை மடங்கு. தொடர்பே இல்லையென்றால் இரண்டு பெருக்கலும் சமமாக வந்து, விகிதம் 1 ஆகியிருக்கும்.

யூல் அதோடு நிற்கவில்லை. ஒட்டுறவுக் கெழுவைப்போல இதுவும் கழித்தல் 1க்கும் கூட்டல் 1க்கும் நடுவே அடங்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, இரண்டு பெருக்கல்களின் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தார். ஷெஃபீல்டுக்கு 0.90 வருகிறது. பெல்ஜியத்துப் புள்ளியியலாளர் கெட்லேயின் நினைவாக அதற்கு 'க்யூ' என்று பெயர் வைத்தார். நம் ஊர்க் கல்லூரிகளில் 'யூலின் கெழு' என்று இன்றும் தேர்வுக்குப் படிப்பது இதைத்தான். என்னைக் கேட்டால் இந்த மெருகு தேவையே இல்லை. வெறும் பத்தொன்பதரையாகவே விட்டிருக்கலாம். பின்னால் வந்தவர்கள் செய்ததும் அதைத்தான். குருவின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தால்தான் சபையில் மதிப்பார்கள் என்று சீடர் நினைத்திருக்க வேண்டும்.

குரு மதிக்கவில்லை. பியர்சனின் பார்வையில் இரண்டு கட்டங்கள் என்பது மனிதன் போட்ட கோடு. இயற்கையில் இருப்பது தொடர்ச்சி. தேர்ச்சி, தோல்வி என்று இரண்டாகப் பிரிக்கிறோம், ஆனால் பின்னால் மதிப்பெண் இருக்கிறது. 35இல் கோடு கிழித்தது நாம். அதுபோலப் பெரியம்மையிலும் நோயின் கடுமை என்ற ஓர் அளவு, மணிவடிவ வளைவாகப் பரவி, கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. குறிப்பிட்ட எல்லையைத் தாண்டியவர்கள் இறந்தார்கள். ஆகவே நான்கு கட்டங்களிலிருந்து அந்த மறைந்த வளைவை மீட்டு, அதற்கு ஒட்டுறவுக் கெழு காண்பதே சரி என்றார். அப்படிக் காண ஒரு சிக்கலான சூத்திரமும் வைத்திருந்தார். யூலின் குறுக்குப் பெருக்கல் அவருக்குச் சிறுபிள்ளை வேளாண்மையாகத் தெரிந்தது.

யூல் 1912இல் பதில் சொன்னார். பெரியம்மையில் செத்தவர்கள் எல்லோரும் சமமாகச் செத்தவர்கள்; அவர்களில் கூடுதலாகச் செத்தவர், குறைவாகச் செத்தவர் என்று எவரும் இல்லை என்பது அவர் வாதத்தின் சாரம். எங்கேயும் காணாத வளைவைக் கற்பனை செய்து, கண்ணால் கண்ட எண்ணிக்கையைக் கைவிடுவது என்ன நியாயம்? அதே கட்டுரையில் இன்னொரு விஷயத்தையும் வற்புறுத்தினார், இந்த அத்தியாயத்துக்கு அதுதான் முக்கியம். ஓர் ஆஸ்பத்திரியில் அம்மை குத்திக்கொண்ட நோயாளிகள் அதிகம் சேர்ந்திருப்பார்கள், இன்னொன்றில் குறைவாக. அது அந்தந்த வட்டாரத்தின் பழக்கத்தைப் பொறுத்தது, அம்மை குத்துவதன் பலனைப் பொறுத்தது அல்ல. தொடர்பின் அளவு இதனால் அசையக் கூடாது. குறுக்குப் பெருக்கல் அசையாது: ஒரு கிடைவரிசையில் உள்ள இரண்டு எண்களையும் பத்து மடங்காக்கினால் இரண்டு பெருக்கல்களும் பத்து மடங்காகும், விகிதம் அப்படியே நிற்கும். நெடுவரிசைக்கும் அப்படியே.

மறுவருடம் பியர்சனும் டேவிட் ஹெரனும் சேர்ந்து, பியர்சன் நடத்திய 'பயோமெட்ரிகா' இதழில் நூற்றைம்பது பக்கத்துக்கு மேல் நீளும் மறுப்பு எழுதினார்கள். பத்திரிகை சொந்தமாக இருந்தால் பக்கக் கணக்கு பார்க்க வேண்டியதில்லை. யூல் அதற்குள் கேம்பிரிட்ஜுக்குப் போய்விட்டிருந்தார்.

அடுத்த சண்டை கை-வர்க்கத்தின் வாய்பாட்டைப் பற்றியது. மேஜர் கிரீன்வுட் என்பவரும் யூலும் 1915இல், படைவீரர்களுக்குப் போட்ட டைஃபாய்டு, காலரா தடுப்பு மருந்துகளின் கணக்கை ஆராய்ந்தபோது ஒரு வினோதம் கண்டார்கள். ('மேஜர்' என்பது அவருடைய பெயர், பதவி அல்ல.) ஒரே நான்கு கட்டங்களில் இரண்டு சதவீதங்களை நேராக ஒப்பிட்டால் ஒரு விடை, பியர்சன் வாய்பாட்டின்படி போனால் வேறு விடை. ஒன்று தற்செயல் இல்லை என்கிறது, மற்றொன்று தற்செயலாக இருக்கலாம் என்கிறது. இருவரும் குழம்பினார்கள், காரணம் பிடிபடவில்லை.

ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்த ரொனால்டு ஃபிஷருக்குப் பிடிபட்டது. ஷெஃபீல்டு கட்டங்களையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 4,703, குத்திக்கொண்டவர் 4,151, இறந்தவர் 474. ஓரத்தில் எழுதும் இந்தக் கூட்டுத்தொகைகளைத் தரவிலிருந்தே எடுத்துத்தான் எதிர்பார்க்கும் எண்களைக் கணக்கிடுகிறோம். ஆக ஓரங்கள் கட்டுப்பட்டுவிட்டன. இனி ஒரு கட்டத்தில் 200 என்று எழுதிப் பாருங்கள். 474இலிருந்து கழித்தால் 274 தானாக வந்துவிடும். 4,151இலிருந்து கழித்தால் 3,951. கடைசிக் கட்டத்துக்கும் 278 தவிர வேறு வழியில்லை. நான்கு கட்டம் இருந்தாலும் சுதந்திரமாக ஆடுவது ஒன்றே ஒன்று. பியர்சன் மூன்று ஆடுவதாக எடுத்துக்கொண்டு வாய்பாட்டைப் படித்திருந்தார். ஃபிஷர் இந்த எண்ணிக்கைக்கு வைத்த பெயரைத்தான் நம் நூல்கள் கட்டின்மைக் கூறு என்கின்றன.

ஒன்றா மூன்றா என்பது வெறும் வீம்பு இல்லை. மூன்று என்றால், இருபதில் ஒரு வாய்ப்பு என்ற வழக்கமான எல்லை 7.81. ஒன்று என்றால் 3.84. ஒரு மருந்துச் சோதனையில் கை-வர்க்கம் 5 வந்தால், பியர்சன் கணக்கில் மருந்தைத் தள்ளிவைப்பீர்கள். ஃபிஷர் கணக்கில் கூர்ந்து கவனிப்பீர்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக உலகம் முதல் கணக்கை நம்பியிருந்தது.

ஃபிஷர் இதை 1922இல் வெளியிட்டார். பியர்சன் அதே ஆண்டு திருப்பி அடித்தார். காற்றாலையை அரக்கன் என்று எண்ணி ஈட்டியோடு பாய்ந்த டான் கிகோட்டேயுடன் ஃபிஷரை ஒப்பிட்டு எழுதினார். அதற்கு மறுமொழி எழுத ராயல் புள்ளியியல் கழகத்தின் இதழ் இடம் தராததால் ஃபிஷர் அந்தக் கழகத்தையே விட்டு விலகினார். யூல் வேறு வழியில் இறங்கினார்: அறைகள் பிரித்த வட்டத் தட்டில் அவரை விதைகளை எறிந்து, விழுந்த இடங்களை எண்ணி, தற்செயலான நான்கு கட்டப் பட்டியல்களை நூற்றுக்கணக்கில் தயாரித்தார். ஃபிஷர் சொன்னதுபோலவே வந்தது.

பியர்சனின் மகன் ஈகன் பியர்சனும் புள்ளியியலாளர். வேறொரு கேள்வியை ஆராய அவர் ஆயிரக்கணக்கில் தற்செயல் பட்டியல்களை உண்டாக்கி, தகப்பனார் நடத்திய 'பயோமெட்ரிகா'விலேயே 1925இல் வெளியிட்டிருந்தார். ஃபிஷர் அவற்றில் 11,688 நான்கு கட்டப் பட்டியல்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் கை-வர்க்கம் கண்டு, சராசரி எடுத்தார். ஆடும் கட்டம் மூன்று என்றால் சராசரி 3ஐ ஒட்டி வர வேண்டும். ஒன்று என்றால் 1. வந்த விடை 1.00001. மகன் சேர்த்துவைத்த தரவிலேயே தகப்பனின் பிழை நிரூபணமானது. இந்த 1926ஆம் ஆண்டுக் கட்டுரையைவிடக் குரூரமான, அதேசமயம் நேர்த்தியான பதிலடியைப் புள்ளியியல் வரலாற்றில் நான் பார்த்ததில்லை.

கட்டங்களில் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தால் கை-வர்க்கம் தடுமாறும். அதற்கும் ஃபிஷர் வழி சொன்னார்: ஓரக் கூட்டுத்தொகைகளை அப்படியே வைத்து, கட்டங்கள் நிரம்பக்கூடிய எல்லா விதங்களையும் ஒவ்வொன்றாக எண்ணிவிடுவது. பால் முதலா டிகாஷன் முதலா என்று எட்டுக் கோப்பைத் தேநீரைக் குடித்தே கண்டுபிடித்துவிடுவேன் என்ற பெண்மணியின் கதை இதற்காக 1935இல் அவர் எழுதியது. எட்டில் நான்கைப் பிரித்தெடுக்க எழுபது வழி. எல்லாமே குருட்டாம்போக்கில் சரியாக அமைய எழுபதில் ஒரு வாய்ப்பு. புள்ளியியலைப் பற்றிய புத்தகம் எதைப் புரட்டினாலும் இந்தக் கதை கிடைக்கும், எனவே இங்கே நீட்டவில்லை.

கதை இப்போது லண்டன் ஆஸ்பத்திரிகளுக்கு மாறுகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1922இல் நுரையீரல் புற்றுநோயால் இறந்ததாகப் பதிவானவர்கள் 612 பேர். 1947இல் 9,287 பேர். இருபத்தைந்து ஆண்டுகளில் பதினைந்து மடங்கு. தார்ச் சாலையா, மோட்டார் வண்டிப் புகையா, தொழிற்சாலைப் புகையா என்று பலருக்கும் பல சந்தேகம். ரிச்சர்டு டால், பிராட்ஃபோர்டு ஹில் இருவரும் லண்டனின் இருபது ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளை விசாரித்தார்கள். ஒவ்வொரு நுரையீரல் புற்றுநோயாளிக்கும் இணையாக, அதே பாலினம், அதே வயது வட்டத்தில் வேறு நோயோடு படுத்திருந்த ஒருவர். எல்லோரிடமும் ஒரே கேள்வித்தாள்.

கட்டம் போடுவதற்கு முன் கட்டத்துக்கு வேலி வேண்டும். யார் புகைக்காதவர்? விசேஷ வீட்டில் ஒன்று பற்றவைத்தவரும் புகைப்பவரா? தினம் ஒரு சிகரெட் வீதம் ஓராண்டுக்காவது ஒருபோதும் புகைத்திராதவரே புகைக்காதவர் என்று அவர்கள் வரையறுத்தார்கள். வகைத் தரவின் பாதி வேலை இந்த வேலி போடுவதுதான். சூத்திரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

1950 செப்டம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவு வந்தது. ஆண்களின் கணக்கு இது.

நுரையீரல் புற்றுநோயாளிகள்: புகைத்தவர் 647, புகைக்காதவர் 2.
மற்ற நோயாளிகள்: புகைத்தவர் 622, புகைக்காதவர் 27.

சதவீதத்தில் பாருங்கள். புற்றுநோயாளிகளில் புகைத்தவர்கள் 99.7 சதவீதம். மற்றவர்களில் 95.8 சதவீதம். வித்தியாசம் நாலு சதவீதம்கூட இல்லை. அந்தக் காலத்து லண்டனில் ஆண்பிள்ளை என்றால் வாயில் சிகரெட்டோ பைப்போ இருந்தது. ஆகவே இரண்டு பக்கமும் ஏறக்குறைய எல்லோருமே புகைத்தவர்கள். இப்போது குறுக்கே பெருக்குங்கள். 647 பெருக்கல் 27. 622 பெருக்கல் 2. விகிதம் பதினான்கு.

தற்செயலா என்பதை ஆண்களுக்கு ஃபிஷரின் எண்ணும் முறையால் பார்த்தார்கள்; காரணம், ஒரு கட்டத்தில் இரண்டே பேர். அப்படி நிகழ வாய்ப்பு 0.00000064. பெண்களுக்கு எண்ணிக்கை போதுமானதாக இருந்தது, எனவே கை-வர்க்கம்: 5.76, ஆடும் கட்டம் ஒன்று. பியர்சன் கணக்கில் மூன்று என்று வைத்திருந்தால் அந்த 5.76 எல்லையைத் தாண்டியிராது.

ஆனால் அந்தப் பதினான்குக்கு என்ன பொருள்? புகைப்பவருக்குப் புற்றுநோய் வரும் அபாயம் மற்றவரைவிடப் பதினான்கு மடங்கு என்று சொல்லிவிடலாமா? இந்தப் பட்டியலில் அபாயம் என்பதே இல்லை. 649 நோயாளிகளுக்கு 649 மற்றவர்கள் என்று எடுத்தது ஆய்வாளர்கள்; லண்டனில் பாதிப் பேருக்குப் புற்றுநோய் இருந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. நெடுவாட்டில் கணக்கிட்டால், புகைத்த 1,269 பேரில் 647 பேருக்குப் புற்றுநோய், அதாவது 51 சதவீதம். புகைக்காத 29 பேரில் 2, ஏறக்குறைய 7 சதவீதம். ஏழு மடங்குக்குச் சற்று மேல். ஒப்பீட்டுக் குழுவைப் பத்து மடங்கு பெரிதாக எடுத்திருந்தால் இதே கணக்கு பதின்மூன்று மடங்கை நெருங்கும். ஆய்வாளர் எத்தனை பேரைக் கூப்பிட்டார் என்பதைப் பொறுத்து அபாயம் மாறுமானால், அது அபாயமே அல்ல.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஜெரோம் கார்ன்ஃபீல்டு இருந்தார். பட்டம் வாங்கியது வரலாற்றில். பிழைப்புக்குப் புள்ளியியலுக்கு வந்தவர். 1951இல் அவர் காட்டியது இரண்டு படிகள். ஒப்பீட்டுக் குழுவை எத்தனை மடங்கு பெருக்கினாலும் குறுக்குப் பெருக்கல் விகிதம் அசையாது. ஆகவே நோயாளியிலிருந்து பின்னோக்கிப் போனாலும், ஆரோக்கியமானவரிலிருந்து முன்னோக்கி வந்தாலும் கிடைப்பது அதே எண். இரண்டாவது, நோய் அரிதானது என்றால் அந்த எண்ணும் உண்மையான அபாய விகிதமும் ஏறக்குறைய ஒன்றே. பதினான்கு என்பது பதினான்கு மடங்கு அபாயம் என்று படிக்க அனுமதி கிடைத்தது இப்படித்தான். பல்லாயிரம் பேரை இருபது ஆண்டுகள் பின்தொடராமல், ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து கேட்டே அபாயத்தைக் கணிக்கலாம். 1912இல் யூல் ஆஸ்பத்திரிகளை வைத்து வற்புறுத்திய அதே குணம்தான் இது. யூல் அந்த 1951இலேயே காலமானார்.

'அரிதான நோய்' என்ற நிபந்தனையை மறந்துவிடுகிறவர்கள் ஏராளம். மருத்துவ இதழ்களில் இன்று 'ஆட்ஸ் ரேஷியோ' என்ற பெயரில் வருவது இந்தக் குறுக்குப் பெருக்கல் விகிதமே. அதைப் பத்திரிகைகள் நேராக 'இத்தனை மடங்கு ஆபத்து' என்று தலைப்பாக்கிவிடுகின்றன. ஷெஃபீல்டில் அந்த விகிதம் பத்தொன்பதரை. ஆனால் சாவின் அபாயம் உண்மையில் பத்து மடங்குதான். பாதிப் பேர் சாகிற இடத்தில் சாவு அரிதான நிகழ்ச்சி இல்லை, ஆகவே இரண்டும் ஒன்றாகாது.

எதிர்ப்பு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. நான்கு கட்டக் கணக்கைத் திருத்திக்கொடுத்த ஃபிஷரே, புகைதான் காரணம் என்பதை ஏற்க மறுத்தார். அவர் ஓயாமல் பைப் புகைத்தவர்; புகையிலைத் தொழிலதிபர்களுக்கு ஆலோசகராகவும் இருந்தார். அதை மட்டும் சொல்லி அவரை ஒதுக்குவது நியாயமாகாது, வாதத்தில் சரக்கு இருந்தது. புகைக்கத் தூண்டும் ஏதோ ஒரு மரபணுவே புற்றுநோயையும் தரலாமே? கட்டங்களில் தெரிவது தொடர்பு, காரணம் அல்லவே? புகையை உள்ளிழுப்பதாகச் சொன்னவர்களின் பங்கு டால், ஹில் தரவில் புற்றுநோயாளிகளிடம் மற்றவர்களைவிடச் சற்றுக் குறைவாக இருந்ததையும் அவர் விடாமல் சுட்டிக்காட்டினார்.

கார்ன்ஃபீல்டும் சகாக்களும் 1959இல் கொடுத்த பதில் எளிய எண்கணிதம். புகைப்பவருக்கு ஒன்பது மடங்கு அபாயம் என்றால், அதை முழுவதும் விளக்கக்கூடிய மறைந்த காரணம் எதுவாக இருந்தாலும், அது புகைக்காதவர்களைவிடப் புகைப்பவர்களிடம் குறைந்தது ஒன்பது மடங்கு அதிகம் காணப்பட வேண்டும். அப்படிப்பட்ட மரபணுவைக் காட்டுங்கள் என்பதே அவர்கள் கேட்டது. யாரும் காட்டவில்லை.

மறைந்த மூன்றாவது ஆளைப் பற்றிய பயம் நியாயமானது என்பதற்குப் பின்னாளில் ஒரு பெரிய எடுத்துக்காட்டு கிடைத்தது. 1973இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்த 8,442 ஆண்களில் 44 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. 4,321 பெண்களில் 35 சதவீதம் பேருக்கு. பாரபட்சம் என்ற பேச்சு எழுந்தது. துறைவாரியாகப் பிரித்துப் பார்த்தால், பெரிய துறை ஒன்றில் ஆண்களில் 62 சதவீதத்துக்கும் பெண்களில் 82 சதவீதத்துக்கும் இடம்! பெரும்பாலான துறைகளில் இரு பாலருக்கும் இடையே பெரிய வித்தியாசமே இல்லை. பெண்கள் அதிகமாக விண்ணப்பித்தது யாருக்குமே எளிதில் இடம் கிடைக்காத துறைகளுக்கு. பட்டியல்களைச் சேர்த்தால் தொடர்பு தலைகீழாகும் இந்த விசித்திரத்தை யூல் 1903லேயே எழுதிவைத்திருந்தார். 1951இல் மறுபடி எழுதிய எட்வர்டு சிம்ப்சனின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. மருந்து என்ன? பிரித்தே வைத்து, ஒவ்வொரு துண்டிலும் குறுக்கே பெருக்கி, பிறகு பக்குவமாகச் சேர்ப்பது. அதற்கான வழியை நாதன் மேன்டல், வில்லியம் ஹென்சல் இருவரும் 1959இல் தந்தார்கள். இன்றும் நோய்ப் பரவலியல் வகுப்பில் அது தப்பாது.

ஆனால் எத்தனை துண்டாகத்தான் பிரிப்பது? அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஊரில் நடந்த இதயநோய் ஆய்வில் வயது, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், சிகரெட் என்று ஏழு காரணிகளை ஒரே நேரத்தில் பார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றையும் மூன்று வகையாகப் பிரித்தாலே 2,187 கட்டங்கள். ஆய்வில் இருந்த ஆண்கள் இரண்டாயிரத்துச் சொச்சம். கட்டத்துக்கு ஓர் ஆள். பட்டியல் போடும் கலை அங்கே முட்டி நின்றது. கட்டங்களுக்குப் பதில் சமன்பாடு வேண்டும்.

வைத்துக்கொள்ள இரண்டு வளைவுகள் இருந்தன. ஒன்று, செஸ்டர் பிளிஸ் 1934இல் பூச்சிமருந்துச் சோதனைகளுக்காகக் கொண்டுவந்த புரோபிட். ஒவ்வொரு பூச்சிக்கும் தாங்கும் எல்லை ஒன்று உண்டு, அது மணிவடிவமாகப் பரவியிருக்கிறது என்பது அதன் அடிப்படை. யூலிடம் தோற்றதாக நாம் நினைத்த, பியர்சனின் மறைந்த வளைவு, பூச்சிமருந்துக் கடை வழியாகத் திரும்பி வந்தது. மற்றது, மேயோ மருத்துவமனையின் ஜோசஃப் பெர்க்சன் 1944இல் பெயரிட்ட லாஜிட். இழுத்துப் பிடித்த அந்த எஸ் வடிவம் பார்வைக்குப் புரோபிட்டைப்போலவே இருக்கும். தரவில் வைத்துப் பார்த்தால் எது எது என்று பிரித்துச் சொல்வதே கடினம். கார்ன்ஃபீல்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 1967இல் ஃபிராமிங்ஹாம் ஆய்வுக்கு எடுத்தது லாஜிட். பெர்க்சனோ, ஃபிஷரைப்போலவே, சிகரெட் வாதத்தை வெளிப்படையாக எதிர்த்தவர்; அவர் கொடுத்த கருவிதான் பிறகு சிகரெட் ஆய்வுகளிலெல்லாம் புழங்கியது.

இரண்டு வளைவும் ஒன்றுபோலவே பொருந்தும்போது மருத்துவ ஆய்வாளர்கள் ஏன் லாஜிட்டையே பிடித்துக்கொண்டார்கள் என்பதற்கு ஒரு காரணம் போதும். அதன் ஒவ்வொரு கெழுவும் ஒரு குறுக்குப் பெருக்கல் விகிதத்தின் மடக்கை. ஆகவே ஆஸ்பத்திரியில் நோயாளிகளை எத்தனை பேர், ஒப்பீட்டுக்கு எத்தனை பேர் எடுத்தாலும் கெழு அசைவதில்லை. சமன்பாட்டின் தொடக்கத்தில் நிற்கும் மாறிலி மட்டும் மாறும். புரோபிட்டில் அந்த வசதி கிடையாது.